வேனின் மூளைக்கு என்ன ஆச்சு?

குழந்தைகளே, லண்டனின் கிழக்குப் பக்கத்தில் ஈஸ்ட் ஹாம் என்று ஒரு பகுதி உண்டு. அங்கே ஹை ஸ்ட்ரீட் நார்த் தெருவில் நடந்தால் தமிழ்ப் பெயர்ப் பலகையும் வடை வாசனையும் சேர்ந்து, நம்ம ஊர்க் கடைவீதிக்கே வந்துவிட்ட மாதிரி இருக்கும். எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளிக் குடியிருக்கும் மாமா அந்தப் பக்கம்தான் காய்கறிக் கடை வைத்திருக்கிறார். ஊரே தூங்கும் பின்னிரவில் வேனை எடுத்துக்கொண்டு லேட்டனில் இருக்கும் நியூ ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் மொத்தச் சந்தைக்குப் போவார். விடிவதற்குள் கத்தரிக்காயும் வெண்டைக்காயும் கடைக்கு வந்தாக வேண்டும்.

போன நவம்பரில் மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. அது ஓய்ந்த இரவில் வேன் கிளம்பவில்லை. சாவியைத் திருகினால் என்ஜின் ‘கிர்ர்... கிர்ர்...’ என்று சுற்றுகிறது, ஆனால் பற்றிக்கொள்ளவில்லை. காலையில் ஒருவர் வந்து பார்த்தார். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. “வண்டியோட மூளை போயிடுச்சு. புதுசு வாங்கணும், ஆயிரம் பவுண்டுக்கு மேல ஆகும்” என்று சொல்லிவிட்டுப் போனார். மாமா முகம் வாடிவிட்டது.

பக்கத்தில் நின்ற என் மகளுக்குப் பதினொரு வயது. “வேனுக்கு மூளை இருக்கா?” என்று கேட்டாள்.

இருக்கிறது. கல்யாண வீட்டுச் சமையல் மாஸ்டரைப் பார்த்திருப்பீர்களே? அவர் கரண்டியைத் தொடவே மாட்டார். ஒருவன் வந்து “சாம்பார் கொதிச்சாச்சு” என்பான், இன்னொருவன் “பந்தியில நூறு பேர் உட்கார்ந்தாச்சு” என்பான். அவர் கேட்டுக்கொண்டு, “அடுப்பைக் குறை”, “இன்னும் ரெண்டு படி போடு” என்று கட்டளை மட்டும் போடுவார். வேனிலும் அப்படி ஒரு மாஸ்டர் உண்டு. ஒரு சின்னச் சாப்பாட்டு டப்பா அளவுக்கு அலுமினியப் பெட்டி, அதற்குள் ஒரு கணிப்பொறி. மெக்கானிக்குகள் அதை ஈ.சி.எம். என்பார்கள். என்ஜின் எவ்வளவு சூடாக இருக்கிறது, எவ்வளவு காற்று உள்ளே வருகிறது, ஓட்டுபவர் கால் எவ்வளவு அழுத்துகிறது என்று சென்சார்கள் வந்து சொல்லும். எந்த நொடியில் எவ்வளவு டீசல் தெளிக்க வேண்டும் என்று பெட்டி முடிவு செய்யும். நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும் நாலு சிலிண்டர் டீசல் என்ஜினில் நொடிக்கு 100 தடவை இந்த முடிவை எடுக்க வேண்டும். நீங்கள் ‘ஒன்று’ என்று சொல்லி முடிப்பதற்குள் நூறு கட்டளை!

மாமாவுக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் இருக்கிறார். லண்டனில் ரயில் பாதைகள் பல இடங்களில் செங்கல் வளைவுகளின் மேல் போகும். அந்த வளைவுகளுக்கு அடியில் நிறைய மெக்கானிக் ஷெட்கள் உண்டு. இவருடைய ஷெட்டும் அப்படித்தான், தலைக்கு மேலே ரயில் தடதடவென்று ஓடிக்கொண்டே இருக்கும். ஊர் யாழ்ப்பாணம். தொழில் பழகியது 1990களில், போர்க்காலத்தில். அப்போது யாழ்ப்பாணத்துக்குப் பெட்ரோல் வருவது தடைப்பட்டிருந்தது. மக்கள் பழைய மோரிஸ் மைனர், ஆஸ்டின் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். கார்புரேட்டரில் சில சொட்டு பெட்ரோல் விட்டு முதலில் என்ஜினைக் கிளப்புவது, அது சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவது. அந்த என்ஜின்களில் மூளை ஏதும் இல்லை, அதனால் எதை ஊற்றினாலும் அவை கேள்வி கேட்கவில்லை. அப்படி ஒரு காலத்தில் வேலை கற்றவர் இன்றைக்கு லேப்டாப்பை வைத்துக்கொண்டு கணிப்பொறி என்ஜினைச் சரிசெய்கிறார் என்பது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

வேனைக் கட்டி இழுத்துக்கொண்டு அவரிடம் போனோம். நடந்ததைக் கேட்டதும் அவர் முதலில் கேட்டது ஒன்றே ஒன்று.

“மூளை போட்டுதெண்டு ஆர் சொன்னது? ஆரும் அளந்து பாத்தவையோ?”

யாரும் அளந்து பார்க்கவில்லை.

“கம்பியைக் கேக்காமல் மூளையில பழி போடக் கூடாது, பிள்ளை” என்று என் மகளைப் பார்த்துச் சொன்னார். பிறகு சாவியைப் பாதி மட்டும் திருப்பச் சொன்னார். வண்டியின் டாஷ்போர்டில் பல விளக்குகள் எரிந்தன. மஞ்சள் நிறத்தில் என்ஜின் படம் போட்ட விளக்கு மட்டும் எரியவில்லை. நல்ல வண்டியில் அது ஒருமுறை எரிந்து பிறகு அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பெட்டி இன்னும் கண்ணே விழிக்காமல் இருக்கலாம்.

அடுத்து ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 முனைச் செருகியில் ஸ்கேனரை மாட்டினார். ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும், டீசல் கார்களுக்கு அதற்குச் சில ஆண்டு கழித்தும் இந்தச் செருகி கட்டாயம். நோய்க் குறியீடுகள் எல்லாம் இதன் வழியாகத்தான் வெளியே வரும். பிரேக்கைக் கவனிக்கும் பெட்டி பதில் சொன்னது, மீட்டர் பலகை பதில் சொன்னது. இரண்டுமே யு0100 என்ற குறியீட்டைக் காட்டின. ‘என்ஜின் பெட்டியோடு பேச முடியவில்லை’ என்பது அதன் அர்த்தம். என்ஜின் பெட்டி வாயே திறக்கவில்லை.

இங்கேதான் நம்மில் பலர் தவறு செய்வோம். ஒருவர் போனை எடுக்கவில்லை என்றால் அவருக்கு உடம்பு சரியில்லை என்று முடிவு கட்டலாமா? சார்ஜ் தீர்ந்திருக்கலாம், சிக்னல் இல்லாமல் இருக்கலாம். பெட்டிக்கும் அப்படித்தான். மின்சாரம் வராமல் இருக்கலாம், எர்த் விட்டுப்போயிருக்கலாம், பேசும் கம்பி அறுந்திருக்கலாம், ஏதாவது ஒரு சென்சார் பழுதாகிப் பெட்டியின் கழுத்தைப் பிடித்திருக்கலாம். இந்த நாலும் இல்லை என்று நிரூபித்த பிறகுதான் பெட்டியைக் குற்றவாளி என்று சொல்லலாம்.

முதலில் பேட்டரி. யாழ்ப்பாணத்தார் இதைப் ‘பற்றறி’ என்பார்கள். 12.5 வோல்ட் காட்டியது, நன்றாகவே இருந்தது. பிறகு பெட்டிக்குப் போகும் மின்கம்பியில் மீட்டரை வைத்தார். அங்கேயும் 12.4 வோல்ட்.

“மின்சாரம் வருதே!” என்றாள் என் மகள்.

அவர் பதில் சொல்லவில்லை. வண்டியின் பின்விளக்கு பல்பு ஒன்றை எடுத்தார், 21 வாட். அதில் இரண்டு வயர் கட்டி, அதே கம்பியில் வைத்தார். பல்பு எரியவில்லை! துளிகூட மினுக்கவில்லை.

“மீற்றர் பொய் சொல்லேல்லை, பிள்ளை. நாங்கள் கேட்ட கேள்விதான் பிழை.”

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. தண்ணீர்க் குழாயில் பாதி வழியில் அடைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் சொட்டுச் சொட்டாக வரும். ஒரு தம்ளரை வைத்தால் மெதுவாக நிரம்பிவிடும், ஆனால் வாளி குளியலுக்குப் பத்தாது. டிஜிட்டல் மீட்டர் என்பது தம்ளரை விடச் சின்னது. அதன் உள்தடை பொதுவாக ஒரு கோடி ஓம். 12 வோல்ட்டில் அது எடுக்கும் மின்னோட்டம் ஓர் ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான். கம்பியில் 100 ஓம் அளவுக்குத் துரு அடைப்பு இருந்தாலும் மீட்டருக்கு அது உறைக்காது. பல்புக்கு அப்படியல்ல. எரியும்போது அதன் தடை ஏறக்குறைய 7 ஓம். 100 ஓம் அடைப்பும் 7 ஓம் பல்பும் வரிசையாக நின்றால் 12 வோல்ட்டில் பல்புக்குக் கிடைப்பது ஒரு வோல்ட்கூட இல்லை. கால்குலேட்டரை எடுத்து நீங்களே போட்டுப் பாருங்கள். பெட்டிக்கும் பல்பு மாதிரி உண்மையான மின்னோட்டம் வேண்டும், வோல்ட் மட்டும் போதாது.

அவர் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டே மேலே போனார். முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர்கள் இருக்கும் பள்ளம் தெரியுமல்லவா? அதன் மூடியைக் கழற்றினார். உள்ளே இலைக் குப்பை! மேப்பிள் மாதிரி விரல் விரித்த, தோல் போன்ற கெட்டியான இலைகள். லண்டன் தெருக்களில் ‘லண்டன் பிளேன்’ என்று ஊரின் பெயரையே தாங்கி நிற்கும் மரம் உண்டு, அதன் இலைகள். சீக்கிரம் மக்காத இலை. அது பள்ளத்தின் வடிகாலை அடைத்துவிட்டது. மூன்று நாள் மழையும் அங்கே குளமாகத் தேங்கி, பக்கத்தில் இருந்த ஒரு வயர் இணைப்பின் மேல் சொட்டியிருக்கிறது. இணைப்பைப் பிரித்தால் உள்ளே ஊசிகள் எல்லாம் பச்சைப் பசேல் என்று, கோயில் செப்புக் குடத்தில் படியும் களிம்பு மாதிரி.

அந்த ஊசிகளை வெட்டிவிட்டுப் புதியவை போட்டார். பல்பு பளிச்சென்று எரிந்தது. மாமா கைதட்டினார். சாவியைத் திருப்பினோம். மஞ்சள் விளக்கு எரியவில்லை, வேனும் கிளம்பவில்லை.

அவர் கொஞ்சமும் அலுத்துக்கொள்ளவில்லை. “ஒரு கேள்விக்கு விடை வந்துட்டுது. இனி அடுத்தது.”

எர்த் கம்பியிலும் பல்பை வைத்துப் பார்த்தார். சரியாக இருந்தது. அடுத்து, பெட்டிகள் ஒன்றோடொன்று பேசும் இரட்டைக் கம்பி. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986ல் உலகுக்கு அறிமுகப்படுத்திய முறை இது, பெயர் ‘கேன்’. பூ தொடுக்கும் நாரைப் போல இரண்டு கம்பியையும் முறுக்கி வைத்திருப்பார்கள். ஒன்றில் வோல்ட் ஏறும்போது மற்றொன்றில் இறங்கும். வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் இரண்டையும் ஒரேபோல் தாக்குவதால், வித்தியாசத்தை மட்டும் பார்க்கும் பெட்டிக்குச் செய்தி கெடுவதில்லை. இந்தக் கம்பியின் இரு முனையிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று இருக்கும். இந்த வேனில் ஒரு முனையின் தடை என்ஜின் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. பேட்டரியைக் கழற்றிவிட்டு அளந்தால் இரண்டும் பக்கவாட்டில் சேர்ந்து 60 ஓம் வர வேண்டும். வந்தது 60. அப்படியென்றால் கம்பி அறுபடாமல் பெட்டிவரை போகிறது.

மிச்சம் சென்சார்கள். பெட்டி எல்லாச் சென்சாருக்கும் 5 வோல்ட் அனுப்பும். ஒரு சென்சார் உள்ளுக்குள் ஷார்ட் ஆனாலும் அந்த 5 வோல்ட் முழுவதும் அங்கே வடிந்து, பெட்டி முடங்கிவிடக்கூடும். பேட்டரியைத் திரும்ப மாட்டி அளந்தால் 5 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம். ஒவ்வொரு சென்சாராகப் பிடுங்கிப் பார்த்தார். பூஜ்யம் மாறவில்லை. பெட்டியையும் கழற்றிவிட்டு, அந்த 5 வோல்ட் கம்பி எங்காவது வண்டியின் உடம்பில் உரசுகிறதா என்று அளந்தார். உரசவில்லை.

“இனி நம்பலாம். மூளைதான்” என்றார். காலையில் வந்தவரும் இதையேதான் சொன்னார். ஆனால் அவருக்கு அது தெரியாது, ஊகித்தார். இவருக்குத் தெரியும்.

ஒரு புதிர் மட்டும் மிச்சம் இருந்தது. பெட்டி இருந்த இடம் இணைப்புக்குக் கீழே, மூடிய தட்டுக்கு உள்ளே. வெளிப்புறம் தொட்டுப் பார்த்தோம், காய்ந்து கிடந்தது. அதன் செருகியில் ரப்பர் வளையமும் கெடாமல் இருந்தது. மழைத் தண்ணீர்தான் காரணம் என்றால் அது எப்படி உள்ளே போனது?

மேலே வெட்டிய வயரின் மிச்சத் துண்டை எடுத்தார். வெட்டிய இடத்திலிருந்து நாலு விரற்கடை தள்ளிப் பிளாஸ்டிக் உறையைச் சீவினார். செம்பு நிறத்தில் மின்ன வேண்டிய இழைகள் உள்ளே கறுப்பும் பச்சையுமாக இருந்தன. அகல் விளக்கில் திரி எண்ணெயை எப்படி இழுக்கிறதோ, அப்படி மெல்லிய செம்பு இழைகளுக்கு நடுவே இருக்கும் சந்து தண்ணீரை இழுத்திருக்கிறது. இதை நுண்புழை ஏற்றம் என்பார்கள். ரப்பர் வளையம் வயரின் வெளிப்புறத்தைத்தான் காக்கும். தண்ணீர் வயருக்குள்ளேயே சுரங்கம் வழியாகப் போவது போலப் போயிருக்கிறது.

பெட்டியை மட்டும் பழுது பார்க்கும் ஒரு சின்னப் பட்டறைக்கு அதை அனுப்பினோம். திறந்து படம் எடுத்து அனுப்பினார்கள். 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக மாற்றும் சில்லின் கால்கள் அரித்துப் போயிருந்தன. ஈரமும் மின்சாரமும் சேர்ந்தால் பாசிட்டிவ் பக்கத்து உலோகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். மின்னாற்பகுப்பு என்ற இந்த வேலைக்கு விதிகளைக் கண்டுபிடித்தவர் மைக்கேல் ஃபாரடே, இதே லண்டனில், 1830களில்.

சரி, புதுப் பெட்டி வாங்கி மாட்டினால் முடிந்ததா? பல்பு மாற்றுவது போல இதை மாற்ற முடியாது. பழைய பெட்டியின் நினைவகத்தில் இந்த வேனுக்கே உரிய ரகசியங்கள் இருக்கின்றன. டீசல் தெளிக்கும் நாலு இன்ஜெக்டரும் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்காது. மயிரிழை வித்தியாசம் உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு திருத்த எண் அதில் எழுதப்பட்டிருக்கும். அதைவிட முக்கியம் சாவியின் ரகசியம். சாவியின் தலைக்குள் பேட்டரியே இல்லாத ஒரு குட்டிச் சில்லு உண்டு. சாவித் துவாரத்தைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள். அதில் மாறும் மின்சாரம் ஓடும்போது சாவிக்குள் இருக்கும் சுருளிலும் மின்சாரம் பிறக்கும். சில்லு விழித்துக்கொண்டு தன் ரகசிய எண்ணைச் சொல்லும். பெட்டிக்குத் தெரிந்த எண் என்றால்தான் என்ஜின் ஓடும். திருட்டைத் தடுக்கும் இந்த ஏற்பாடு பிரிட்டனில் 1998 அக்டோபர் முதல் புதுக் கார்களுக்குக் கட்டாயம்.

ஒரு சுருளில் மின்சாரம் மாறினால் தொடாமலே பக்கத்துச் சுருளில் மின்சாரம் பிறக்கும் என்று 1831 ஆகஸ்ட் 29ல் கண்டவரும் ஃபாரடேதான். லண்டன் ஆல்பமார்ல் தெருவில் ராயல் இன்ஸ்டிட்யூஷன் என்ற கட்டடத்தின் ஆய்வகத்தில், ஒரு இரும்பு வளையத்தில் இரண்டு சுருளைச் சுற்றி அதைச் செய்தார். கொல்லர் வீட்டுப் பிள்ளை. 14 வயதில் புத்தக பைண்டிங் கடையில் வேலைக்குச் சேர்ந்து, பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களைப் படித்துப் படித்தே விஞ்ஞானியானவர். அதே இடத்தில் 1825ல் சிறுவர்களுக்காகத் தொடங்கிய கிறிஸ்துமஸ் சொற்பொழிவில் அவர் மட்டும் 19 ஆண்டு பேசியிருக்கிறார்.

நம் பழைய பெட்டியில் நினைவகச் சில்லு தப்பியிருந்தது. காயலான் கடைக்குப் போன அதே ரக வேனிலிருந்து, அதே எண் அச்சடித்த பெட்டி ஒன்று கிடைத்தது. பழையதிலிருந்த அத்தனையையும் அதில் நகல் எடுத்து அனுப்பினார்கள். செலவு முதலில் சொன்ன தொகையில் பாதிகூட ஆகவில்லை.

மாட்டும் அன்று என் மகளும் கூடவே நின்றாள். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றினார். பெட்டியைத் தொடுவதற்கு முன் வண்டியின் இரும்பைத் தொட்டார். குளிர் நாட்டில் கம்பளிச் சட்டை போட்டு நடந்தால் உடம்பில் ஆயிரக்கணக்கான வோல்ட் நிலைமின்சாரம் சேரும். கதவுப் பிடியைத் தொடும்போது சுருக்கென்று குத்துவது அதுதான். நமக்குக் குத்தக்கூடச் செய்யாத அளவே ஒரு சில்லைக் கெடுக்கப் போதும். அரித்த வயர்களை முழுவதும் மாற்றினார். வடிகாலைச் சுத்தம் செய்து ஒரு பாட்டில் தண்ணீர் ஊற்றி, கீழே ஒழுகுகிறதா என்று குனிந்து பார்த்தார். இதைச் செய்யாவிட்டால் அடுத்த மழைக்கு இந்தப் பெட்டியும் போயிருக்கும்.

சாவியைப் பாதி திருப்பினார். மஞ்சள் விளக்கு எரிந்தது. முழுதும் திருப்பினார். இரண்டாவது சுற்றிலேயே என்ஜின் பற்றிக்கொண்டது, விளக்கு அணைந்தது. பிரிட்டனில் 2018 மே 20 முதல், அந்த விளக்கு அணையாமல் எரிந்தால் வண்டி ஆண்டுச் சோதனையில் தேறாது.

ஸ்கேனர் திரையில் என்ஜின் வெப்பநிலை 9 டிகிரி என்று தெரிந்தது. மகள் எண்ணிக்கொண்டே நின்றாள். 20, 35, 50... சூடு ஏற ஏறத் தடை குறையும் ஒரு சின்ன மணிதான் அந்தச் சென்சார். 20 டிகிரியில் 2,500 ஓம் இருந்தால் 80 டிகிரியில் 300 ஓம் சொச்சம் இருக்கும். உலோகங்களுக்குச் சூடானால் தடை கூடும், இதற்கு மட்டும் நேர்மாறு. வெள்ளி சல்பைடில் இந்த விந்தையை 1833ல் முதலில் கவனித்தவர் யார் என்று இனி நான் சொல்லவும் வேண்டுமா?

இப்போது உங்களுக்கு ஒரு வேலை. மஞ்சள் கரைத்த தண்ணீர் ஒரு தம்ளரில் எடுத்து நாலு புத்தகத்தின் மேல் வையுங்கள். கீழே ஒரு காலித் தம்ளர். இரண்டுக்கும் நடுவே நனைத்துப் பிழிந்த நீளமான பஞ்சுத் திரியைத் தொங்கவிடுங்கள். அடுத்து, திரிக்குப் பதிலாகத் தூண்டில் நரம்பு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். மூன்றாவதாக, எதிலும் இணைக்காத, பல இழை கொண்ட பழைய வயர்த் துண்டு ஒன்றை எடுத்து, பெரியவர்களைக் கொண்டு இரண்டு முனையையும் சீவி வாங்கி, அதையும் போடுங்கள். ஒவ்வொன்றையும் ஒரு நாள் முழுவதும் அசைக்காமல் விட்டுவிடுங்கள். எதைப் போட்டபோது எவ்வளவு தண்ணீர் சேர்ந்தது, எத்தனை மணி நேரம் ஆனது என்று அளந்து குறித்து, உங்கள் பெயர், வகுப்பு, ஊரோடு எங்களுக்கு எழுதி அனுப்புங்கள்.